பாலருவியும் தொங்குபாலமும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் குமாரலிங்கபுரத்தில் அம்மி பறந்ததை நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் கொடியில் காயப்போட்ட சீருடை பறந்து போய்ச் சீமைக் கருவேல முள்ளில் மாட்டிக் கிழிந்ததைப் பார்த்திருக்கிறோம். கரிசல் புழுதி கண்ணிலும் வாயிலும் புகும். மேகங்கள் மட்டும் கூட்டங் கூட்டமாகத் தலைக்கு மேலே கிழக்கு நோக்கி ஓடும். ஒரு சொட்டும் கீழே விழாது. அப்படிப்பட்ட ஓர் ஆடி மாதத்துச் சனிக்கிழமையன்றுதான் நாங்கள் பாலருவிக்கும் தென்மலைக்கும் புனலூர்த் தொங்குபாலத்திற்கும் சுற்றுலா சென்றோம்.

கண்டதையும் கேட்டதையும், அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி எங்களுக்கு விளக்கிச் சொன்னதையும் இவ்வாண்டு மலருக்கு எழுதித் தருமாறு தலைமையாசிரியை பணித்தார்கள். பெற்றோரும் படிக்கும் மலராகையால், மலைப்பாதை வளைவுகளில் யார் யார் வாந்தி எடுத்தார்கள் என்பதை விட்டுவிடுகிறோம்.

விடியற்காலை மூன்று மணிக்குச் சிற்றாலயத்தில் செபித்துவிட்டுப் பேருந்தில் ஏறினோம். பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோபரை வேண்டிக்கொண்டோம். அவர் மக்களைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடத்திவிட்டவர் என்பது மரபு. அன்று நாங்களும் ஓர் ஆற்றைக் கடக்க இருந்தோம். அருப்புக்கோட்டை, விருதுநகர், சிவகாசி, திருவில்லிபுத்தூர் எல்லாம் இருட்டிலேயே கடந்துவிட்டன. இராசபாளையம் தாண்டியபோது விடிந்தது. வலப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை எங்களோடு கூடவே வந்தது. அதன் உச்சி நெடுகிலும் வெள்ளை மேகம் பஞ்சுப்பொதி போலக் கவிழ்ந்து கிடந்தது. மலை முழுவதும் அப்படி மூடியிருக்க, அடிவாரத்தில் நாங்கள் போன சாலையில் ஈரமே இல்லை.

புளியங்குடியின் எலுமிச்சைத் தோட்டங்களைக் கடந்து, கடையநல்லூர் வழியாகத் தென்காசியை நெருங்கியபோது எல்லாம் மாறிற்று. காற்று குளிர்ந்தது. வயல்கள் பசேலென்றிருந்தன. சன்னல் கண்ணாடியில் ஊசி ஊசியாகச் சாரல் தெறித்தது. ஒருத்தி கையை வெளியே நீட்டிவிட்டு அருட்சகோதரியிடம் திரும்பிக் கேட்டாள்:

“சிஸ்டர், நம்ம ஊருக்கும் இந்த ஊருக்கும் ஐந்து மணி நேரந்தானே தூரம்? ஆண்டவர் ஏன் இப்படி ஓரவஞ்சனை செய்தார்?”

பேருந்தில் பாட்டு நின்றுவிட்டது. வீட்டில் காலையிலும் மாலையிலும் குடத்தோடு அலைகிறவள் கேட்ட கேள்வி அது. எங்களில் பலருக்கும் அதே கேள்விதான். அருட்சகோதரி கோபித்துக்கொள்ளவில்லை. “ஆண்டவரைக் கேட்பதற்கு முன்னால் காற்றைக் கேளுங்கள், பிள்ளைகளா. அது எங்கிருந்து வருகிறது, வழியில் என்ன செய்கிறது என்று இன்று முழுவதும் பார்த்துக்கொண்டே வாருங்கள்” என்றார்கள்.

செங்கோட்டை தாண்டிப் புளியரை, பிறகு கோட்டைவாசல். இங்குதான் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடுதான் இருந்தது. இன்னொரு செய்தி எங்களைச் சிரிக்க வைத்தது. செங்கோட்டைக்கு அருகில் ஓர் அணைக்குக் குண்டாறு அணை என்று பெயர். எங்கள் திருச்சுழியை ஒட்டிப் போவதும் குண்டாறுதான். அங்குள்ள அணை 36 அடிதான் உயரம்; தென்மேற்குப் பருவமழை தொடங்கிய சில நாட்களிலேயே நிரம்பிவிடும் என்றார்கள். நம் குண்டாற்றிலோ அந்த மாதத்தில் மணலில் நடந்தே அக்கரைக்குப் போய்விடலாம். பெயர் ஒன்று, பிழைப்பு வேறு.

மேற்குத் தொடர்ச்சி மலை ஏறக்குறையத் தொடர்ச்சியான சுவர்போல நிற்கிறது. அதில் சில இடங்களில் மட்டும் வாசல் போன்ற தாழ்ந்த இடைவெளிகள் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் பெரியது. செங்கோட்டை–ஆரியங்காவுக் கணவாய் சிறியது. சாலையும் கொல்லம் இருப்புப்பாதையும் இந்த வாசல் வழியாகத்தான் மலையைக் கடக்கின்றன. கணவாயின் உள்ளே பேருந்தை நிறுத்தி, தேநீர் குடிக்கும்போது அருட்சகோதரி காற்றின் கதையைத் தொடங்கினார்கள்.

சூன் மாதம் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து தென்மேற்குக் காற்று வீசுகிறது. கடல்மேல் வருவதால் அதில் நீராவி நிறைந்திருக்கும். கேரளக் கரையைத் தாண்டியதும் மலை குறுக்கே நிற்கிறது. காற்று ஏறித்தான் ஆகவேண்டும். மேலே போகப் போகக் காற்று விரிந்து குளிர்கிறது. ஈரக்காற்றானால் ஒவ்வோர் 1,000 மீட்டர் ஏற்றத்திற்கும் ஏறத்தாழ 6 டிகிரி குளிரும். குளிர்ந்த காற்றால் அத்தனை நீராவியையும் தாங்க இயலாது. குளிர்ந்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல நீராவி துளிகளாகி மேகமாகி, மலையின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. கொல்லம் மாவட்டத்தின் மலைப்பகுதிகளில் ஆண்டுக்கு 250 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்வது இப்படித்தான். எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் சேர்ந்தே சுமார் 80 சென்டிமீட்டர்.

அதன் பிறகு நடப்பதுதான் எங்களுக்குப் புதிது. மழையைக் கொட்டித் தீர்த்த காற்று உச்சியைத் தாண்டி நம் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடேறும். அதுவும் ஏறும்போது குளிர்ந்ததைவிட வேகமாக, 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி சூடேறும். சூடான காற்று ஈரத்தைக் கொடுக்காது, இருப்பதையும் உறிஞ்சும். அந்தக் காற்றுதான் சமவெளியில் ஓடி வந்து எங்கள் ஊரில் ஆடிக்காற்றாகப் புழுதியை வாரி இறைக்கிறது. பாலருவியில் தண்ணீராக விழுவதும் எங்கள் கண்ணில் தூசியாக விழுவதும் ஒரே காற்றின் வேலை என்று கேட்டபோது, தேநீர் ஆறிப்போனதுகூடத் தெரியாமல் நின்றோம்.

“அப்படியென்றால் குற்றாலம்? அதுவும் மலைக்கு இந்தப் பக்கந்தானே?” என்று ஒருத்தி மடக்கினாள். அருட்சகோதரிக்கு முகமெல்லாம் மகிழ்ச்சி. நாங்கள் நின்றுகொண்டிருந்த கணவாயைக் காட்டினார்கள். மலை தாழ்ந்திருப்பதால் காற்று அதிகம் ஏறாமல், ஈரத்தை முழுவதும் இழக்காமல் இவ்வழியே புகுந்து வந்துவிடுகிறது. வாசலுக்கு நேரே இருக்கும் செங்கோட்டைக்கும் குற்றாலத்திற்கும் சாரல் கிடைக்கிறது. வாசலை விட்டு விலக விலகச் சாரலும் குறைந்துவிடும். காற்று மட்டும் குறைவதில்லை. தென்காசி வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்பது அதனால்தான்.

ஆரியங்காவிலிருந்து பாலருவிக்கு நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வன இலாகாவின் வாயிலில் எங்கள் பேருந்தை நிறுத்திவிட்டு, நுழைவுச் சீட்டு வாங்கி, வன இலாகா வண்டியில்தான் உள்ளே போகவேண்டும். பிளாஸ்டிக் பைகளைச் சோதித்தார்கள். கட்டுச்சோற்றை வாழை இலையில் கட்டி வந்தவர்கள் தப்பித்தார்கள்.

பாலருவியை முதலில் காதால் கேட்டோம், பிறகுதான் கண்டோம். பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது: பால் போன்ற அருவி. 300 அடி உயரம் என்று சொல்கிறார்கள். பாறைமேல் பல பிரிவுகளாக வெண்மையாய் இறங்கி வருகிறது. அருகில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் குளிக்க வந்தபோது பயன்படுத்திய கல்மண்டபமும் குதிரை லாயமும் சிதைந்து நிற்கின்றன. அருவியைக் கண்டதும் நாங்கள் கத்திய கத்தலை இங்கே எழுத இயலாது. தலையைக் கொடுத்தால் யாரோ கைநிறையக் கூழாங்கல்லை வீசுவதுபோல் இருந்தது. வாளித் தண்ணீரைச் செம்புக் கணக்கில் எண்ணிக் குளித்துப் பழகிய எங்களில் சிலர், தண்ணீர் இப்படி வீணாய்ப் போகிறதே என்று சற்று நேரம் குளிக்காமலேயே நின்றார்கள்.

வனக்காவலர் ஒருவர் தமிழும் மலையாளமும் கலந்து எச்சரித்தார். தண்ணீர் நிறம் மாறினாலும், குச்சியும் இலையும் மிதந்து வந்தாலும், இரைச்சல் கூடினாலும் உடனே வெளியேறிவிட வேண்டும். அருவியின் அடியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத மேல்மலையில் மழை கொட்டியிருக்கும். செங்குத்தான பாறையில் அந்த வெள்ளம் சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் இப்படித்தான் திடீர் வெள்ளம் வந்து, பதினேழு வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அவன் எங்கள் வயதுடையவன் என்பதால் அதற்குப் பிறகு யாரும் காவலர் காட்டிய கோட்டைத் தாண்டவில்லை.

திரும்பி நடக்கும்போது அருட்சகோதரி காட்டோரத்திலிருந்து ஒரு பிடி மக்கிய இலையை அள்ளிப் பிழியச் சொன்னார்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. ஓங்கிய மரங்களின் கீழ் இலை விழுந்து மக்கி மெத்தைபோலக் கிடக்கிறது. அதன் கீழே வேர்கள் மண்ணைத் துளைத்து வைத்திருக்கின்றன. மழை இலைகளில் பட்டு வேகம் குறைந்து, இந்த மெத்தையில் ஊறி, மண்ணுக்குள் இறங்கி, மெதுவாக ஓடைக்கு வருகிறது. வெறும் பாறையில் பெய்தால் மழை நின்றதும் ஓட்டமும் நின்றுவிடும். ஆனால் காடும் மந்திரமல்ல. கோடையில் பாலருவியும் மெலிந்துவிடும். அருவியை மூடிவைத்த நாட்களும் உண்டு. காடு செய்வது தவணை முறையில் கொடுப்பது. இல்லாத மழையை அதனால் கொடுக்க முடியாது.

அந்த மெத்தையிலிருந்து அட்டைகளும் கிடைத்தன. காலில் ஏறியது தெரியாமல் இரத்தம் குடித்துப் பருத்துத் தொங்கிய அட்டையைப் பார்த்து, எங்கள் வகுப்பின் மிகத் தைரியசாலி என்று பெயர் பெற்றவள் அழுதாள். உப்பு வைத்ததும் அது உதிர்ந்தது. பிய்த்து எடுக்கக்கூடாதாம்.

தென்மலைக்குப் போகும் வழியில், கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். 1904-இல் திறந்த இருப்புப்பாதைக்காகக் கட்டிய கல்பாலம் அது. கல்லைக் கல் நெருக்கும், நெருக்கத்தால் நிற்கும். புனலூரில் இதற்கு நேர்மாறானதைப் பார்க்கப் போகிறோம் என்று அருட்சகோதரி சொல்லி வைத்தார்கள்.

தென்மலையில் கல்லடையாற்றின் அணையும், செந்துருணி வனவிலங்குச் சரணாலயமும் உள்ளன. சரணாலயம் 1984-இல் அறிவிக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் மட்டுமே வளரும் செங்குறிஞ்சி மரத்தால் வந்த பெயர். அங்குள்ள சுற்றுலாப் பூங்காவில் மரங்களுக்கிடையே ஓர் ஆடும் பாலம் அமைத்திருக்கிறார்கள். சிறியதுதான். ஆனாலும் கால் வைத்தவுடன் முன்னால் போகிறவள் எழ, பின்னால் வருகிறவள் தாழ, நடுவிலிருந்தவள் “இயேசுவே” என்றாள். தொங்குபாலத்தைப் பற்றி எங்களுக்குக் கேள்விகள் எழுந்தது அங்கேதான். பிற்பகலில் புனலூரில் பதில் கிடைத்தது.

புனலூர்ப் பாலம் கல்லடையாற்றின்மேல் சுமார் 400 அடி நீளத்தில் தொங்குகிறது. ஆல்பர்ட் ஹென்றி என்னும் பொறியாளரின் திட்டப்படி 1877-இல் கட்டி முடிக்கப்பட்டு, 1880-இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. திருவிதாங்கூரின் உள்நாட்டையும் தமிழ்நாட்டையும் இணைத்த வணிகச் சாலை இதன்மேல்தான் போயிற்று. இப்பொழுது வண்டிகளெல்லாம் பக்கத்திலுள்ள கான்கிரீட் பாலத்தில் போகின்றன. தொங்குபாலம் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம்.

ஆற்றுக்குள் தூணே இல்லாத பாலம் எப்படி நிற்கிறது? அருட்சகோதரி பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார்கள். இருவர் இரண்டு முனையையும் பிடிக்க, நடுவில் சோற்றுப் பாத்திரத்தைத் தொங்கவிட்டோம். “கயிற்றை நேராக்குங்கள் பார்ப்போம்” என்றார்கள். இழுத்தோம். எவ்வளவு இழுத்தாலும் நடுவில் தொய்வு இருந்தது. தொய்வு குறையக் குறையக் கை வலி கூடியது. முற்றிலும் நேராக்க எந்தப் பலசாலியாலும் முடியாது. ஏனெனில் பாத்திரத்தின் எடையை மேல்நோக்கித் தாங்க வேண்டுமானால் கயிறு சற்றாவது சரிந்திருக்க வேண்டும். தொங்குபாலத்தின் சங்கிலி அழகுக்காக வளைந்திருக்கவில்லை. வளைவில்தான் அதன் வலிமை இருக்கிறது.

கயிறு பிடித்த இருவரும் பின்னால் சாய்ந்து, காலை ஊன்றியிருந்ததையும் அருட்சகோதரி கவனிக்கச் சொன்னார்கள். பாலத்திலும் அப்படியே. நடைபலகையின் எடை தொங்கு கம்பிகள் வழியாகச் சங்கிலிக்குப் போகிறது. சங்கிலி இரு கரையிலும் உள்ள கல் வளைவுகளின்மேல் ஏறிப் பின்புறம் இறங்குகிறது. கல் வளைவுகள் எடையைத் தாங்கும். ஆனால் சங்கிலியின் இழுப்பைப் பிடித்துக்கொள்ளத் தரைக்குள் பிடிமானம் வேண்டும். அதற்காகக் கரைகளில் ஆழமான கிணறுகள் தோண்டிச் சங்கிலிகளின் முனைகளை அவற்றுள் பிணைத்திருக்கிறார்கள். தண்ணீருக்காக அல்லாமல் கிணறு தோண்டியவர்களை நாங்கள் அன்றுதான் கேள்விப்பட்டோம். கழுதுருட்டிக் கல்வளைவைத் தலைகீழாகக் கவிழ்த்தால் இந்தச் சங்கிலியின் வளைவு வரும். அங்கே நெருக்கம், இங்கே இழுப்பு.

பாலத்தைப் பற்றி இரண்டு கதைகள் சொல்கிறார்கள். பாலம் தாங்குமோ என்று மக்கள் அஞ்சியதால், பொறியாளர் தம் குடும்பத்தோடு பாலத்தின் அடியில் படகில் இருக்க, மேலே ஆறு யானைகள் நடந்து போயினவாம். காட்டு விலங்குகள் ஊருக்குள் வராமலிருக்கவே, ஆட்டத்தில் மிரளட்டும் என்று தொங்குபாலமாகக் கட்டினார்கள் என்பது இன்னொரு கதை. யானை நடந்த பாலத்தில் மற்ற விலங்குகள் ஏன் மிரள வேண்டும் என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். இதற்கு மட்டும் அருட்சகோதரியிடம் பதில் இல்லை.

பத்துப் பத்துப் பேராக, ஒரே தாளத்தில் கால் வைக்காமல், குதிக்காமல் நடக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்களுக்குக் காரணமும் சொன்னார்கள். ஊஞ்சலை அது ஆடும் நேரத்திற்குச் சரியாகத் தள்ளினால் சிறு கைகூட அதை உயர ஆட்டிவிடும். 1831-இல் இங்கிலாந்தில் பிராட்டன் என்னுமிடத்தில் படைவீரர்கள் தாளம் தப்பாமல் நடந்துபோனபோது தொங்குபாலம் அறுந்து விழுந்தது. அதுமுதல் பாலத்தின்மேல் தாளத்தைக் கலைத்து நடக்கவேண்டும் என்பது படையில் விதியாயிற்று. அவ்வளவு தூரம் போக வேண்டாம். குசராத்தின் மோர்பி நகரில் 2022 அக்டோபர் 30 அன்று தொங்குபாலம் அறுந்து 135 பேர் மாண்டார்கள். பழுதுபார்த்துத் திறந்து நான்கே நாட்கள் ஆகியிருந்தன. ஒரு வடத்திலிருந்த 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருப்பிடித்திருந்தன என்று விசாரணை சொல்லிற்று. கயிற்றில் ஒரு புரி போனால் மற்றப் புரிகள் அந்தச் சுமையையும் ஏற்கும். கிணற்றுக் கயிறு எப்படி அறுகிறது என்று எங்களுக்குத் தெரியுமே. புதுப் பெயிண்டின் உள்ளே துரு இருந்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கீழே கல்லடையாறு நிறைந்து ஓடிற்று. காலையில் எங்கள் தலையில் விழுந்த தண்ணீரும் இதில் வந்து சேர்ந்திருக்கும். இது கொல்லத்தருகே அட்டமுடிக் காயலில் கலந்து அரபிக்கடலுக்குப் போகிறது. காற்று எங்கிருந்து எடுத்து வந்ததோ அங்கேயே திரும்பிவிடுகிறது. மலையின் இந்தப் பக்கம் விழுவது சிற்றாறாகித் தாமிரவருணியோடு சேர்ந்து மன்னார் வளைகுடாவை அடைகிறது. எங்கள் ஊர்ப்பக்கம் இரண்டும் வருவதில்லை.

திரும்பும் வழியில் செபமாலை முடிந்ததும், காலையில் கேட்டவள் விடாமல் மறுபடியும் தொடங்கினாள். “சரி சிஸ்டர், காற்றைக் கேட்டாயிற்று. நம் பங்கு எங்கே?”

நம் பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்கிலிருந்து, வங்கக்கடல் வழியாக வருகிறது. மலையாளிகளும் ஐப்பசியைத் துலாம் என்று சொல்லி அம்மழையைத் துலாவர்ஷம் என்கிறார்கள். அவர்களுக்கு அது இரண்டாம் மழை, நமக்கு அதுவே முதன்மையானது. சில நாட்களில் மொத்தமாகப் பெய்துவிட்டுப் போய்விடும். அங்கே அதைப் பிடித்து வைக்கக் காடு இருக்கிறது. இங்கே காடு இல்லாததால் முன்னோர் கையால் மண்சுமந்து கண்மாயும் ஊருணியும் வெட்டினார்கள். இன்று அவற்றில் வண்டல் மேவி, சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கிறது. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் வீடுகளும் நம்மிடையே உள்ளன என்பதால், வேரோடு பிடுங்கு என்று சொல்வதும் எளிதல்ல.

அருட்சகோதரி ஒரு கணக்குக் கொடுத்தார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நம் சிற்றாலயக் கூரை 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஆண்டு மழை 800 மில்லிமீட்டர். பேருந்தின் ஆட்டத்தில் மூன்று பேர் தப்பாகப் போட்டு, நாலாமவள் சரியாகப் போட்டாள்: 1,60,000 லிட்டர். சிதறலும் ஆவியாவதும் கொஞ்சம் போனாலும், 15 லிட்டர்க் குடத்தில் பத்தாயிரம் குடத்தை ஒட்டி வரும். கேள்வி கேட்டவள் விரலை மடக்கித் தன் வீட்டுக் கணக்கைப் போடத் தொடங்கிவிட்டாள். நாளுக்கு ஆறு குடம் என்றால் நாலு ஆண்டுக்குமேல் வருமாம்.

தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் கூரையிலும் குழாய் இருந்தது. ஆனால் கீழ்த்துண்டு உடைந்து தண்ணீர் தெருவில் விழுந்துகொண்டிருந்ததை நாங்கள் தினமும் பார்த்தும் பார்க்காமலிருந்தோம். திங்கட்கிழமை தலைமையாசிரியையிடம் சொன்னோம். ஒரு மாணவியின் தந்தையார், குழாய் வேலை தெரிந்தவர், கூலி வாங்காமல் பொருத்திக் கொடுத்தார். வடிகட்டும் தொட்டிக்கு மணலும் கூழாங்கல்லும் கரியும் நாங்கள் சுமந்தோம். கரி, கரிமூட்டம் போடும் வீட்டிலிருந்து வந்தது.

ஐப்பசி இரண்டாம் வாரம் இரவில் மழை பெய்தது. விடுதியில் யாரும் தூங்கவில்லை. காலையில் முதல் மணி அடிக்குமுன் தொட்டியின் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தோம். மூன்று சாண் நனைந்திருந்தது. மலர் அச்சுக்குப் போகும் இந்நாளில் ஐந்து சாண்.